நான் நல்லது என்று சொன்ன ஃபியூஸ்

எங்கள் வீட்டில் சண்டைக்காரி நான்தான். அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டால் சண்டை, எண்ணெய் பாட்டிலை மூடாமல் வைத்தால் சண்டை. முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய தொண்டை இது. என் கணவர் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எவ்வளவு கத்தினாலும் "செரி உடு அம்மணி" என்பதோடு முடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட நான், சொல்லியே ஆக வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல், அவருடைய காரில் திருட்டு வேலை செய்தேன். போன வருடம் நடந்தது. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாக்கியம் இதுதான்: நீங்கள் இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது.

அவருக்குக் கண் நரம்பு நலிந்துகொண்டே வந்தது. கண் பிரஷர் என்று சொல்வார்களே, அது. நேர் எதிரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வரும், போனது திரும்பாது. நேரே தெரிவதும் மங்கல்தான், நுணுக்கமானது எதுவும் பிடிபடாது. சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் கண் டாக்டர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டுக் கடைசியில், "வண்டி ஓட்டறத மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கோங்க சார்" என்றார். கொஞ்சமாம். அந்த டாக்டரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. வயதில் மூத்தவரிடம் கூடாது என்ற சொல்லை யாரும் வாயிலிருந்து எடுக்க மாட்டார்கள். இவரும் டாக்டர் பேச்சை அப்படியே கேட்டுக் குறைத்துக்கொண்டார். திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வாரம் ஒரு தடவை ஓட்டியவர், மாதம் இரண்டு தடவை ஓட்டினார்.

சென்னையில் இருக்கும் மகனிடம் போனில் அழுதேன். அவன் அப்பாவிடம் பேசினான். என்ன பேசினான் தெரியுமா? "பாத்து ஓட்டுங்கப்பா." மருமகன் அதற்கும் மேல். "மாமா ஓட்டுனா நமக்கு ஒரு கவலையும் இல்லீங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னான். அந்தப் பையனின் மரியாதையைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட. மகள் மட்டும் என்னிடம், "நீயே சொல்லும்மா, உனக்குத்தான் வாய் இருக்குதல்ல" என்றாள்.

வாய் இருந்தது. ஒருநாள் சொல்லத்தான் போனேன். கண்ணாடி முன் நின்று தானே சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது, இரண்டாவதும் கன்னத்தில். நான் பாட்டிலை வாங்கக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. "கை காலு நல்லாருக்குது, காரு ஒண்ணு இருக்குது. ஒருத்தரையும் எதிர்பாக்காம இன்னும் ஓடிட்டு இருக்கறேன் அம்மணி. அது போதும் எனக்கு" என்றார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் சூலூர் ரோட்டில் அது நடந்தது. தறி ஷெட்டில் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண், இடது பக்கம் எங்களுக்கு இணையாக வந்துகொண்டிருந்தாள். இவர் அப்படியே இடது பக்கம் ஒதுங்கினார். காரின் பக்கக் கண்ணாடி அவள் கையில் பட்டு, அவள் சறுக்கி மண்ணில் விழுந்தாள். முழங்கால் இரண்டும் சிராய்ந்து ரத்தம். நான்தான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன். "எங்கிருந்து வந்தா இந்தப் புள்ள?" என்று இவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அவளை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். அவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பக்கத்தில் வருவது எதுவுமே அவருக்குத் தெரிவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து காரில் ஏறினால் என் வாய் ஓயாது. "லாரிங்க." "சைக்கிள் வருதுங்க." "ஆடுங்க, ஆடு." அவர் ஒன்றும் பதில் சொல்ல மாட்டார். எரிச்சலாக இருக்கும் போல என்று நினைத்துக்கொள்வேன். இருந்தாலும் நிறுத்த மாட்டேன்.

பள்ளி விடுமுறை வந்தது. பேத்திக்கு ஒன்பது வயது. வால்பாறை பார்க்க வேண்டும், அதுவும் தாத்தா காரில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம். இவர் உடனே சரி என்றுவிட்டார். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புவது, எஸ்டேட் பக்கம் ஒரு ரூம் கூடச் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி மகள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. மேலிருந்து பஸ் இறங்கி வரும். முன்னால் நாங்கள் இரண்டு பேர், பின்னால் அந்தப் பிஞ்சு. படுத்தால் தூக்கம் வராமல் வளைவு வளைவாக எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

புதன்கிழமை காலையில் அவர் குளிக்கப் போனார். நான் சாவியை எடுத்துக்கொண்டு போர்டிகோவுக்குப் போனேன்.

எங்கள் கார் பழசு. சின்ன வெள்ளைக் கார். அதில் பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறி இக்னிஷன் காயிலிலிருந்துதான் வரும், அந்தக் காயிலுக்குப் போகிற கரண்ட் ஒரு ஃபியூஸ் வழியாகத்தான் போகும். நீல நிறத்தில் விரல் நகம் அளவு இருக்கும், பதினைந்து ஆம்பியர். ஒருமுறை பவானிக்குப் போகும்போது அது போய், பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டோம். அப்போது இவர்தான் அதை எனக்குக் காட்டி, "இது போச்சுன்னா வண்டி பொணம் அம்மணி. செல்ஃப் அடிக்கும், ஸ்டார்ட் ஆகாது" என்றார். போன ஃபியூஸைக் கூடத் தூக்கி எறிய மாட்டார். பழைய விபூதி டப்பா ஒன்றில் நல்லதும் போனதுமாகச் சேர்த்து வைத்திருப்பார். அதற்கும் நான் சண்டை போட்டதுண்டு. இப்போது அந்த டப்பாவிலிருந்து உள்ளே கம்பி அறுந்த நீல ஃபியூஸ் ஒன்றைத் தேடி எடுத்தேன். நல்லதைப் பிடுங்கிவிட்டு இதை அதே இடத்தில் செருகினேன். நல்லதைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டேன். கை நடுங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். நடுங்கவே இல்லை. சனிக்கிழமை தாண்டினால் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதைத் தவிர வேறு யோசனையே எனக்கு இல்லை.

பத்து மணிக்குக் காய் வாங்கக் கிளம்பினார். செல்ஃப் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி பிடிக்கவில்லை.

வெளி மெக்கானிக் யாரையும் அந்தக் காரின் மேல் கை வைக்க விட்டதில்லை அவர். அவசரமும் படவில்லை. மேல்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பானெட்டைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். என் பழைய சாக்பீஸ் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, நான் போர்டிகோ தரையில் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஹார்ன் நன்றாக அடித்தது, ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. பேட்டரி, சரி. பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்தார். பெட்ரோல் வாடை அடித்தது. பெட்ரோல், சரி.

"அப்ப நெருப்புத்தான் வரலை" என்றார்.

பிளக்கை ஒயரோடு மாட்டி இன்ஜின் மேல் படும்படி சாய்த்து வைத்தார். "நான் சாவி போடறேன். நீ பிளக்கு நுனியையே பாரு. நீலமா பொறி வந்தாச் சொல்லு." எனக்குப் பொறி எதுவும் தெரியவில்லை. வரவில்லைங்க என்றேன். அது உண்மை. காயிலில் டெஸ்ட் லேம்ப் வைத்தார். பழைய பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி அவரே செய்த லேம்ப். எரியவில்லை. காயிலுக்கே கரண்ட் வரவில்லை.

பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, அந்த நீல ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். மயிர் மாதிரிக் கம்பி அது. அவருக்குத் தெரியவில்லை.

"அம்மணி, இதுக்குள்ள கம்பி அறுந்திருக்குதா பாரு."

வாங்கிப் பார்த்தேன். நடுவில் அறுந்து, பக்கத்தில் கருகல் கூட இருந்தது.

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

"செரி, எழுதிக்க" என்றார். ஃபியூஸ், சரி என்று நானே என் கையெழுத்தில் எழுதினேன். அவர் அதைத் திரும்ப இருந்த இடத்திலேயே செருகினார்.

மில்லில் நாற்பது வருடம் வேலை பார்த்த மனிதர். எவன் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாராம். தானே லேம்ப் வைத்துப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஃபியூஸ் மேல் மட்டும் அவர் லேம்ப் வைக்கவில்லை. நான் பார்த்துச் சொல்லிவிட்டேன் அல்லவா.

வியாழக்கிழமை முழுதும் சாவி போடுகிற சுவிட்சைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, ஒயர்களைத் தடவித் தடவிப் பிரித்தார். நிறம் சரியாகத் தெரியாமல் என்னைக் கேட்பார். "இது கறுப்பா, பச்சையா?" கறுப்பில் வெள்ளைக் கோடுங்க என்பேன். அதிலெல்லாம் நான் பொய் சொல்லவில்லை. மத்தியானம் சோறு வைத்துக் கூப்பிட்டேன், வரவில்லை. பின்கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. எழுபதை நெருங்கும் மனிதர் ஸ்டியரிங்குக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறார், நான் விசிறி எடுத்து வீசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"உடுங்க, பஸ்ஸுல போயிக்கலாம். இல்லீனா இன்னொருக்காப் போலாம்" என்றேன்.

"புள்ளைக்குச் சொல்லிப்போட்டனே" என்றார். திரும்பவும் தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கார் தரைவிரிப்பையும் எடுத்துவிட்டார். சுவிட்சிலிருந்து கிளம்பும் ஒயரைக் கையாலேயே பிடித்துக்கொண்டு ஃபியூஸ் பெட்டி வரைக்கும் வந்தார். அங்கே லேம்ப் எரிந்தது. ஃபியூஸ் பெட்டி வரைக்கும் கரண்ட் வருகிறது, காயிலுக்குப் போகவில்லை. இடையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். நான் சமையலறையில் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தேன். ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி இருக்குமாம். ஒன்றில் லேம்ப் வைத்தால் எரிந்தது, மற்றதில் வைத்தால் எரியவில்லை. விபூதி டப்பாவிலிருந்து லேம்ப் வைத்துப் பார்த்து நல்லது ஒன்றை எடுத்துச் செருகினாராம். இதையெல்லாம் பிறகு அவர்தான் சொன்னார். எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே சத்தம்தான். கார் ஒரு திருப்பலில் ஸ்டார்ட் ஆகி உறுமியது.

கையில் இருந்த கொத்தமல்லியை அப்படியே போட்டுவிட்டு நின்றேன். தீர்ந்தது என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டார், இனி என் முகத்திலேயே முழிக்க மாட்டார், நாளைக்கு வால்பாறைக்கும் போவார். எதற்கு அதிகம் பயந்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். உள்ளங்கையில் அந்த ஃபியூஸ்.

"அம்மணி, இதுல கம்பி அறுந்திருக்கறது தெரியுதா உனக்கு?"

குனிந்து, கீழே விழுந்த கொத்தமல்லியைப் பொறுக்கினேன்.

ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வெளிச்சத்தில் பிடித்தார். "இப்பத் தெரியுதா? நல்லாப் பாத்துச் சொல்லு."

வாயே வரவில்லை எனக்கு. அவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைத்தான் தேடினேன். கோபம் இல்லை. ரத்தமெல்லாம் வடிந்து வெளுத்துப் போயிருந்தது அந்த முகம்.

"எத்தன நாளா இப்பிடி? ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றார். "உனக்குமா அம்மணி?"

அப்போதுதான் புரிந்தது. நான் பொய் சொல்லியிருப்பேன் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் கண் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணும் தெரியறதில்ல. ரொம்ப நாளாச்சு. நீ பக்கத்துல உக்காந்து லாரிங்க, சைக்கிளுங்கன்னு சொல்லிட்டு வருவீல்ல, அத வெச்சுத்தான் ஓட்டிட்டு இருந்தேன். நீ இல்லாம ஒருநாளும் பெரிய ரோட்டுக்கு எடுத்ததில்ல. உனக்கும் தெரியலைன்னா..."

எழுந்துபோய் மகளுக்கு அவரே போன் போட்டார். "அம்மாளுக்குக் கண்ணு செரியில்ல கண்ணு. வால்பாறை அப்பறம் பாத்துக்கலாம். பாப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்." எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சனிக்கிழமை கார் கிளம்பாது, இனி எப்போதுமே கிளம்பாது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் திரும்பவும் சாவியை எடுப்பார் என்று பயம். என் கண் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், என் கண்ணை வைத்து இன்னும் ஓட்டுவாரே.

சனிக்கிழமை காலை, வால்பாறைக்குக் கிளம்பியிருக்க வேண்டிய நேரத்துக்கு, சூலூரில் கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். ரோட்டைக் கடக்கும்போது என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் தெரியாதாம். "பைய வா, பைய வா" என்று சொல்லிக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நான் வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்து, வண்டி வரும்போது அவர் கையை லேசாகப் பின்னுக்கு இழுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தெருவில் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஊட்டுக்காரிக்குக் கண்ணு செரியில்ல" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் பேர் பதிந்ததும், கண் பாப்பாவைப் பெரிதாக்கிப் பார்க்க எனக்கு மருந்து விட்டார்கள். "அரை மணி நேரம் கண்ணத் தொறக்காதீங்கம்மா" என்றாள் அந்த நர்ஸ் பெண். வரிசையாக நாற்காலி, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மருந்து எரிந்தது. இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழிந்ததைத் தன் துண்டால் ஒற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். தன் கண்ணுக்குச் சொட்டு விடும்போது என் கை பட விடாதவர். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன். "ஏனுங்க, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க. அந்த ஃபியூஸ நாந்தான் மாத்தி வெச்சேன். கம்பி அறுந்தது தெரிஞ்சேதான் நல்லாருக்குதுன்னு சொன்னேன். நீங்க இனிமே வண்டி ஓட்டக் கூடாதுங்க. அதச் சொல்ல முடியாமத்தான் இந்தக் காரியத்தைச் செஞ்சுபோட்டேன்."

துண்டு என் கன்னத்திலேயே நின்றுவிட்டது. அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய பேரைக் கூப்பிட்டார்கள், யாரோ எழுந்து போனார்கள். அவர் எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். போகவில்லை.

"நெசமாத்தான் சொல்றியா?" என்றார். "கண்ணு நல்லாத் தெரியுதா உனக்கு?"

"தெரியுதுங்க."

"என்னைச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்லலையே?"

"சத்தியமாத் தெரியுதுங்க."

பெரிதாக ஒரு மூச்சு விட்டார். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு. பிறகு என் கண்ணில் வழிந்ததைத் துடைக்க ஆரம்பித்தார். மருந்து எப்போதோ நின்றிருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

"வண்டி கெடக்குது உடு, மாப்ளைகிட்டச் சொல்லி ஓட்டிட்டுப் போகச் சொல்லீரலாம்" என்றார். "நேத்துலருந்து எனக்கு வண்டியப் பத்துன கவலையே இல்ல அம்மணி. நான் முழுசாக் குருடாயிட்டா, உன்னைய யாரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்கன்னுதான் கவலை."